வண்டுக்கு வேலி இல்லை

காங்கேசன்துறை வீதியால் சுன்னாகம் சந்தைக்குப் போகிறவர்கள் ஒருக்கால் அண்ணாந்து பார்க்க வேண்டும். மதிலுக்கு மேலால் தெரிகிற தென்னைகள் பலவற்றில் ஓலைகள் முக்கோண வடிவில் வெட்டுப்பட்டிருக்கும். காற்றுக் கிழித்த ஓலை அல்ல அது. குருத்து விரிய முன்னரே கருவண்டு உள்ளே துளைத்துச் சாறு குடித்துவிட்டது. ஓலை விரிந்த பிறகுதான் அந்தக் காயம் எங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. நாங்கள் காணும்போது குற்றவாளி எப்போதோ பறந்துவிட்டான்.

உடனே எழுகிற கேள்வி, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். வேறு ஊரில் அது வெறும் செலவுக் கணக்கு. சுன்னாகத்தில் அது கிணற்றுக் கணக்கு. எங்கள் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது கீழே இறங்க அதிக காலம் எடுக்காது. மின் நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில் மிதந்த கதையை இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தும்படி தீர்ப்பளிக்கும் அளவுக்கு அது போனது. ஆகவே நஞ்சில்லாத வழி எங்களுக்கு நாகரிகப் பேச்சு அல்ல, குடிதண்ணீர்ப் பிரச்சினை.

ஆனால் 'இயற்கை' என்ற சொல்லை வைத்துக்கொண்டு வண்டை விரட்ட முடியாது. 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் ஒரே இரவில் தடை போட்டு, நவம்பரில் அதைக் கைவிட்டது. அந்த மாதங்களில் மாட்டெருவுக்கு வந்த மவுசு எல்லோருக்கும் நினைவிருக்கும். வளவு மூலைகளில் எருவைக் குவித்தோம். கருவண்டு முட்டையிடத் தேடுவதும் அதே எருக் குவியலைத்தான். முட்டை பத்துப் பன்னிரண்டு நாளில் பொரிக்கும். வெள்ளையாக, வளைந்து சுருண்டு, விரல் தடிப்பில் வளரும் புழு மாதக்கணக்காக அந்த எருவையே தின்று கிடக்கும். அந்தப் பருவத்தில் அது தென்னையைத் தொடுவதே இல்லை. இறக்கை முளைத்த பிறகுதான் மரமேறும். இயற்கைப் பசளைக்காரன்தான் வண்டுக்கும் சோறு போடுகிறான்.

எங்கள் அயலில் ஒரு முதிய தோட்டக்காரர் இருக்கிறார். வட்டுக்குள் என்ன போடலாம் என்று நான் கேட்டபோது சிரித்தார். "தம்பி, நீர் மேலை பாக்கிறீர். அது கீழை கிடக்குது. முதல்லை உந்த எருக்கும்பியைக் கிண்டும்" என்றார்.

அதுதான் முழுப் பாடமும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எருவை அடிவரை கிளறிப் புரட்டினால் புழுக்கள் வெளியே வரும். பக்கத்தில் கோழிகள் நின்றால் மிச்ச வேலையை அவை பார்க்கும். விழுந்த தென்னை, பனங்குற்றிகளை உக்கவிடக் கூடாது. போர்க்காலத்தில் ஷெல்லில் தலையறுந்து நின்ற மரங்களும், ஆளில்லாத வளவுகளில் உக்கிப்போன குற்றிகளும் இந்த வண்டுக்கு எவ்வளவு வசதியான வீடுகளாக இருந்திருக்கும்! மெற்றாரைசியம் என்ற பச்சைப் பங்கசை ஈரமான எருக் குவியலில் கலந்துவிட்டால் அது புழுவின் உடலில் வளர்ந்து கொல்லும். குவியல் வெயிலில் காய்ந்தால் பங்கசும் செத்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

மேலே செய்ய வேண்டியதும் உண்டு. வேப்பம் பிண்ணாக்கையும் மணலையும் சரிபாதியாகக் கலந்து, குருத்தை ஒட்டிய மூன்று ஓலைகளின் அடியில் இடலாம். சின்னக் கன்றென்றால் துளைக்குள் கொக்கிக் கம்பியை விட்டு வண்டைக் குத்தி எடுக்கலாம். ஆமணக்கம் பிண்ணாக்கை நீரில் ஊறவைத்துச் சட்டியில் வைத்தால், புளித்த மணத்துக்கு இரவில் வண்டு வந்து விழும். தாமதித்தால் நட்டம் இரட்டிப்பு. கருவண்டு கதவைத் திறந்துவிட, செவ்வண்டு குடிபுகும். அந்தக் காயத்தில் அது முட்டையிட்டால் புழு தண்டையே குடைந்து மரத்தைச் சாய்த்துவிடும்.

மரக்கறித் தறைகளிலும் கதை இதுதான். பூசணியின் முதல் இரண்டு இலைகளை ஓட்டையாக்கும் செம்மஞ்சள் வண்டின் புழு மண்ணுக்குள் வேரைத் தின்கிறது. அறுவடை முடிந்ததும் கொடியை அகற்றி நிலத்தைக் கொத்திப் புரட்டாவிட்டால் அடுத்த போகத்துக்கு நாங்களே விதை வைத்தவர்கள் ஆவோம். கத்தரி, பாவல் இலைகளைச் சல்லடையாக்கும் புள்ளிவண்டுக்கு 28 புள்ளிகள். முதுகு மங்கலாக, மெல்லிய உரோமத்தோடு இருக்கும். பளபளப்பான முதுகும் குறைந்த புள்ளிகளும் உள்ள அதன் உறவுக்காரன் அழுக்கணவனைத் தின்று எங்களுக்கு உதவுகிறவன். அவனை விட்டுவிட்டு, இலைக்கு அடியில் கொத்தாக ஒட்டியிருக்கும் மஞ்சள் முட்டைகளைக் காலையில் நசுக்கினால் போதும்.

புகையிலைக் கரைசல் பற்றி ஒரு எச்சரிக்கை. புகையிலை விளையும் ஊர் என்பதால் அது கைக்கு எளிது. ஆனால் நிக்கொட்டின் மனிதனுக்கும் நஞ்சு. புகையிலையில் இருக்கும் தேமல் வைரசு மிளகாய்க்கும் தக்காளிக்கும் தொற்றக் கூடும். செடியிலிருந்து வந்தது என்பதற்காக எல்லாம் சாதுவாகிவிடாது.

கருவண்டுக்குக் கடலும் வேலி இல்லை. 1909 இல் இலங்கையிலிருந்து இறப்பர் கன்றுகளோடு சமோவாத் தீவுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அப்போது ஆண்ட ஜேர்மன் நிர்வாகம் ஊர்மக்களைக் கொண்டு வண்டு பொறுக்க வைத்தது. 1963 இல் அலோய்ஸ் ஹூகர் மலேசியாவில் இந்த வண்டைத் தாக்கும் ஒரு வைரசைக் கண்டுபிடித்தார். 1967 இல் அதைச் சமோவாவில் விட்ட பிறகுதான் அழிவு குறைந்தது. ஆனால் 2007 இல் குவாம் தீவில் தலைகாட்டிய கருவண்டின் ஒரு வகை அந்த வைரசுக்கும் அசையவில்லை. ஒரே மருந்தை நம்பியிருக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மண்வெட்டியும் கோழியும் வேப்பம் பிண்ணாக்கும் எங்களிடம் உண்டு. இல்லாதது ஒன்றுதான். நான் என் எருவைக் கிளறி என்ன பயன், அடுத்த வளவில் ஆறு வருடமாகக் குற்றி உக்கிக்கொண்டிருந்தால்? அந்த வளவுக்காரர் கனடாவிலோ கொழும்பிலோ இருக்கலாம். பக்கத்திலேயே இருந்து, வேலிக் கதியால் தகராறில் எங்களோடு பேசாமலும் இருக்கலாம். புரட்டாதியில் மாரிக்கு முன் எருவைப் புரட்டும் நாளை ஒழுங்கைக்காரர் எல்லோரும் சேர்ந்து குறித்துக்கொண்டால் பாதி வண்டு அன்றைக்கே முடிந்தது. இல்லையென்றால் எங்கள் எல்லைவழக்கு முடிவதற்குள் வண்டு இரு வளவுத் தேங்காயையும் பங்கு பிரித்துவிடும்.