எங்கள் குடலில் எண்ணாத சோதனை

ராயபுரத்தில் எங்கள் தெரு அடிபம்பில் சாக்கடை நாற்றம் வந்தால், ஆயா மாதுளம்பழத் தோலைத் தேடுவாள். சுண்டக் காய்ச்சி எல்லோருக்கும் ஒரு வாய் ஊத்துவாள். “குடிடா, வயிறு கட்டிக்கும்.” எனக்குக் கட்டியது. தம்பிக்குக் கட்டவில்லை. கண்ணு உள்ளே போயி, நாக்கு வறண்டு, ரெண்டாம் நாள் போய்ட்டான். “கஷாயத்த இன்னும் கெட்டியா காச்சியிருக்கணும்” என்று சாகிறவரை ஆயா சொல்லிக்கொண்டிருந்தாள்.

தமிழ் மருத்துவத்துக்குச் சோதனை எதற்கு, ஆயிரமாயிரம் ஆண்டு அனுபவம் போதாதா என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கேட்கிறேன். அந்த அனுபவத்தில் செத்தவர்களை எண்ணியது யார்? பிழைத்தவன் மருந்தின் புகழ் பாடுவான். செத்த பிள்ளை வந்து சாட்சி சொல்லுமா? சோதனை நடந்துகொண்டுதான் இருக்கிறது, எங்கள் குடலில். கணக்கு மட்டும் எழுதப்படவில்லை. உங்கள் பிள்ளைக்குப் பேதி என்றால் தனியார் ஆஸ்பத்திரி. எங்கள் பிள்ளைக்குத் தமிழ்ப் பெருமையா?

கணக்கெழுதிச் சோதித்தால் என்ன தெரியும்? மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரினை டாக்காவில் நோயாளிகளுக்குக் கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டு, 1987-ல் முடிவை வெளியிட்டார்கள். ஈ.கோலி நஞ்சால் வந்த பேதி நன்றாகக் குறைந்தது. காலராவில் பலன் சொற்பம். ஒரு பேதிக்குக் கேட்கிற மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது. அடுப்படியில் நின்று இதைக் கண்டுபிடிக்க ஆயாவால் முடியாது.

பேதியில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் உடம்பின் நீரும் உப்பும் வற்றிப்போவதுதான். 1971-ல் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியபோது, திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து ஏராளமான உயிர்களைக் காத்தார். எந்தக் கஷாயமும் அதற்கு மாற்றாகாது. அதோடு சேர்த்துக் கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். ஆயா, உன் கஷாயத்தில் குற்றமில்லை. உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணியைப் பற்றி உனக்கு யாரும் சொல்லவில்லை.

சோதனைக்கூடத்துக்காரர்களும் கேட்கட்டும். அமேசான் காட்டு மக்கள் பேதிக்குக் குடித்த மரப்பாலிலிருந்து எடுத்த குரோஃபெலெமர், எச்.ஐ.வி. நோயாளிகளின் வயிற்றுப்போக்குக்கு மருந்தாக 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இங்கேயும் பச்சிலை அரைத்தவர்கள் யார்? அம்பட்டன் என்று இழிக்கப்பட்டவர்கள், பிள்ளைப்பேறு பார்த்த சேரிக் கிழவிகள். அயோத்திதாசப் பண்டிதரே சித்த வைத்தியர்தான். ஆய்வுக் கட்டுரையிலோ இவர்கள் எல்லோரும் ‘நாட்டு வழக்கு’ என்ற ஒற்றை வார்த்தைக்குள் அடக்கம்.

ஆகவே சோதியுங்கள். எங்கள் மொழியில் விளக்கி, சம்மதம் கேட்டுச் சோதியுங்கள். முடியாது என்று சொன்னால் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். சொல்லிக்கொடுத்தவர்களின் பெயரைப் போடுங்கள், லாபம் வந்தால் பங்கு கொடுங்கள். தோற்ற மருந்தின் முடிவையும் மறைக்காமல் எங்களுக்குச் சொல்லுங்கள்.

அதுவரை தண்ணீர் காத்திருக்க முடியாது. 1992-ன் கடைசியில் ஓ139 என்ற புதுக் காலரா முதலில் தலைகாட்டிய ஊர்களில் ஒன்று இந்தச் சென்னை. கொய்யாக் கொழுந்தோ மாதுளந்தோலோ குழாயில் கலந்த மலத்தைப் பிரித்தெடுக்காது. செடியைச் சோதிக்கிற அதே கையோடு எங்கள் தெரு அடிபம்புத் தண்ணியையும் சோதியுங்கள். முடிவைத் தெருமுனையில் எழுதி ஒட்டுங்கள்.