ஸமா நடனம் அல்ல

துருக்கிக்குப் போய்வந்த நம் எழுத்தாளர்கள் தவறாமல் ஒரு பத்தி எழுதிவிடுகிறார்கள். வெண்ணிற ஆடைகள் மலராய் விரிந்தன, தர்வீஷ்கள் தன்னை மறந்து சுழன்றனர், பார்த்தவர்களும் தம்மை இழந்தனர். மேலே 'சூஃபி நடனம்' என்றொரு தலைப்பு. அந்தத் தலைப்போடுதான் எங்கள் வழக்கு.

மெவ்லவி மரபினர் அதை ஸமா என்பார்கள். கேட்டல் என்று பொருள். நபியைப் போற்றும் பாடல், நாணற்குழலின் தனி இசை, ஷெய்கின் பின்னே மூன்று வலம், நான்கு ஸலாம்கள், இறுதியில் குர்ஆன் ஓதுதல், துஆ என்று அதற்கொரு வரிசை உண்டு. நெடிய கம்பளித் தொப்பி கல்லறையின் தலைக்கல். கழற்றிவிடும் கறுப்பு மேலங்கி மண்ணறை. உள்ளிருக்கும் வெள்ளை அங்கி சவத்துணியான கஃபன். தன் சாவை உடுத்திக்கொண்டு நிற்கும் மனிதனிடம் மலரைக் காண்பதற்கு எவ்வளவு அலட்சியம் வேண்டும்!

தன்னை மறப்பது என்பதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கற்பனையே. பலகையில் அடித்த முளையை இடது கால்விரலிடுக்கில் பற்றியபடி சுழன்று பழகியவர்கள் அவர்கள். நிதானம் தவறினால் பக்கத்தில் சுழல்பவர்மேல் மோத நேரும். முன்பெல்லாம் முழுமையான தர்வீஷ் ஆவதற்கு மடத்தில் 1001 நாள் ஊழியம் செய்தாக வேண்டும். அதன் மையம் அடுக்களை. (அடுக்களையைப் பற்றி எந்தப் பயணக்கட்டுரையும் எழுதியதாகத் தெரியவில்லை.)

இஸ்தான்புல்லில் நாங்கள் சீட்டு வாங்கிப் பார்த்த அரங்கொன்றில் ஸலாம்கள் அவசரமாகச் சுருக்கப்பட்டன. குர்ஆன் ஓதி முடிவதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது. சுற்றுலாக்காரரைத் திட்டிவிட்டு எழுந்துவிடலாம்தான். ஆனால் அரங்கைக் கட்டிக்கொடுத்தது அரசு. 1925இல் 677ஆம் எண் சட்டம் எல்லாத் தரீக்காக்களின் மடங்களையும் மூடியது. கொன்யாவில் ரூமி அடங்கியிருக்கும் தலைமை மடம் 1927இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 1950களில் அவரது நினைவுநாளையொட்டி ஸமா பொதுவெளிக்குத் திரும்பியது, பண்பாட்டு நிகழ்ச்சி என்ற பெயரில். அந்தச் சட்டம் இன்றும் நீக்கப்படவில்லை. 2008இல் யுனெஸ்கோவின் பட்டியலில் ஸமா ஏறியது; வணிகத்துக்காக அது சுருக்கப்படுவதை யுனெஸ்கோவே அங்கே குறிப்பிடுகிறது. வழிபாடாக இருந்தால் குற்றம், காட்சியாக இருந்தால் மரபுச் செல்வம்! இந்த விசித்திரத்தை ஒரு வரிகூடத் தொடாமல் பரவசம் பற்றி மட்டும் எப்படி எழுத முடிகிறது?

அந்நியர் பார்ப்பதே பிழை என்போரும் உண்டு. அதையும் ஏற்பதற்கில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பயணிகள் கலாத்தா மடத்துக்கு வந்து ஸமாவைப் பார்த்துச் சென்றிருக்கிறார்கள். அவர்கள் வந்தது நடந்துகொண்டிருந்த வழிபாட்டுக்கு. இன்று நிகழ்ச்சியே நமக்காக நடக்கிறது. இடையில் நேர்ந்தது என்ன என்று கேட்க வேண்டியவர் எழுத்தாளர்தானே?

கேட்காததன் வேர் நம் ரூமி வாசிப்பில் இருக்கிறது. தமிழுக்கு வந்த ரூமி பெரும்பாலும் ஆங்கிலம் வழியாக வந்தவர், குறிப்பாக கோல்மன் பார்க்ஸ் வழியாக. பார்க்ஸ் பாரசீகம் அறியாதவர். பிறரின் மொழிபெயர்ப்புகளைக் கொண்டு ஆக்கியவை அவை என்பதை அவர் மறைத்ததுமில்லை. மஸ்னவியின் ஏறத்தாழ 25,000 ஈரடிகளில் குர்ஆனும் ஹதீஸும் விரவிக் கிடக்கின்றன. நமக்கு வந்து சேர்ந்ததோ மதுவும் காதலும் மௌனமும். மதம் கடந்தவர் என்று நாம் கொண்டாடும் அந்த ரூமியைத்தான் சீட்டு விற்கும் அரங்குகளும் மேடையேற்றுகின்றன.