கோட்டைக் கதவும் திட்டிவாசலும்

தம்பி,

கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிலிருந்து தோழர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தமக்கை மகள், இலண்டன் மாநகரின் ஈஸ்ட்ஹாம் பகுதியில் வளர்ந்தவள், வரலாற்றுப் பாடத்தில் பட்டம் பெற்றவள், 'பயிற்சி சொலிசிட்டர்' ஆக விரும்புகிறாளாம். எவரைக் கேட்பது, எங்கே தொடங்குவது என்று புரியவில்லையாம். தக்க ஆலோசனை கூற வேண்டும் என்கிறார் தோழர். கூற வேண்டியவன் யார்? கல்லூரியைப் பாதியிலே விட்டு மேடைக்கு வந்துவிட்ட நான்! நாடகத்தில் நீதிபதி வேடத்துக்கு அங்கி தைக்கச் சொன்ன அளவில்தான் எனக்கும் நீதிமன்றத்துக்கும் உறவு.

நகைத்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்றுதான் எண்ணினேன். முடியவில்லை. காரணம், இந்த ஒரு கேள்வியைக் கேட்கும் உரிமைக்காகவே அந்நாட்டில் ஏழைகளும் பெண்களும் தலைமுறை தலைமுறையாகக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். ஆகவே, அறிந்தவர்களைக் கேட்டேன், நூல்களைப் புரட்டினேன். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதை உனக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பாரிஸ்டர் என்றால் நமக்குத் தெரியும். காந்தியார் இலண்டனில் பயின்று 1891இல் ஆனது அதுதான். உயர்மன்றங்களில் நின்று வாதிடுவது பெரும்பாலும் பாரிஸ்டரின் தொழில். சொலிசிட்டரோ, கட்சிக்காரர் முதன்முதலில் ஏறும் படிக்கட்டு. (நிமிர்ந்து உட்காராதே தம்பி, வழக்கின் கட்சிக்காரரைச் சொல்கிறேன்!) வீட்டைக் காலி செய் என்று வீட்டுக்காரன் விரட்டினால், முதலாளி கூலியைத் தர மறுத்தால், மணவாழ்வு முறிந்தால், உயில் எழுத வேண்டுமென்றால், நள்ளிரவிலே மகனைக் காவல் நிலையத்துக்குக் கொண்டு போய்விட்டால், அவன் தேடி ஓடுவது சொலிசிட்டரைத்தான். அவர் ஏழை வீட்டுப் பேச்சைப் புரிந்துகொள்பவரா, அல்லவா என்பதிலே வழக்கின் பாதி முடிந்துவிடுகிறது!

அந்தத் தொழிலுக்கு ஆள் எடுத்த முறை எப்படி இருந்தது தெரியுமா? ஒரு சொலிசிட்டரிடம் ஐந்தாண்டுகள் குமாஸ்தாவாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டு பணிபுரிய வேண்டும் என்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சட்டம் செய்தார்கள். வேலை செய்பவனுக்குச் சம்பளம் கிடைத்ததா? இல்லை, வேலை செய்பவனின் தந்தைதான் முதலாளிக்குப் பணம் கட்ட வேண்டும்! அதற்குமேல் அரசுக்கு முத்திரைத் தீர்வை வேறு. சார்லஸ் டிக்கன்ஸ் தம் 'டேவிட் காப்பர்பீல்டு' நாவலில் இந்தக் கூத்தை நன்றாகவே காட்டுகிறார். சட்ட அலுவலகம் ஒன்றில் சேர டேவிட்டுக்காக அத்தை கட்டிய தொகை ஆயிரம் பவுன். அந்த அலுவலகத்திலே இரண்டு பங்காளிகள். யார் எதைக் கேட்டாலும், "எனக்கு மனம் இருக்கிறது, மற்றப் பங்காளி ஜார்க்கின்ஸ்தான் ஒப்பமாட்டார்" என்பார் ஒருவர். அந்த ஜார்க்கின்ஸோ, உள்ளறையில் ஒடுங்கிக் கிடக்கும் சாது! டிக்கன்ஸுக்கு இது கேள்விப்பட்ட கதை அல்ல. 1827இல், பதினைந்து வயதிலே, வழக்கறிஞர் அலுவலகத்தில் சில்லறைக் குமாஸ்தாவாக நின்றவர் அவர். ஒப்பந்தக் குமாஸ்தா ஆவதற்குப் பணம் எங்கே இருந்தது அவர் வீட்டிலே?

இந்தப் பணச் சுவரைத் தாண்டி ஒருவன் உள்ளே போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை.

வேல்ஸ் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ரிச்சர்டு லாய்டு என்றொரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. தந்தையை இழந்த தமக்கை மகன் அவர் வீட்டில் வளர்கிறான். சட்டம் பயில வேண்டுமென்றால் முதல் தேர்வுக்கு இலத்தீனும் பிரெஞ்சும் வேண்டும். சொல்லித்தர ஊரிலே ஆள் இல்லை. மாமன் என்ன செய்தார்? தாமே இலக்கண நூலை வாங்கிவைத்துக்கொண்டு, தட்டுத் தடுமாறிக் கற்று, மருமகனுக்குக் கற்பித்தார். குடும்பத்தின் சேமிப்பைக் கரைத்து, போர்த்மடாக் நகர சொலிசிட்டர்களிடம் ஒப்பந்தக் குமாஸ்தாவாகச் சேர்த்தார். 1884இல் அந்தப் பிள்ளை சொலிசிட்டர் ஆனான். பெயர், டேவிட் லாய்டு ஜார்ஜ்.

நான்காண்டு கழித்து ஒரு பிணம் வழக்காகிறது. லான்ப்ராத்தன் என்ற ஊரில் கல்லுடைக்கும் தொழிலாளி ஒருவர், மாண்ட தம் மகளின் பக்கத்திலே தம்மையும் புதைக்க வேண்டும் என்று சொல்லி இறந்தார். அவர் அரசாங்கத் திருச்சபையைச் சேராதவர். அத்தகையோரையும் ஊர்க் கல்லறையில் அவரவர் முறைப்படி அடக்கம் செய்யலாம் என்று 1880லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஊர்ப் பாதிரியார் சூழ்ச்சிக்காரர். அந்த நிலத்துக்குப் பிற்பாடு ஒரு பத்திரம் எழுதி வாங்கி, 'எங்கள் சடங்குப்படிதான் அடக்கம்' என்று நிபந்தனையைச் செருகி வைத்திருந்தார். மகளின் பக்கத்தில் இடமில்லை, ஒதுக்குப்புறத்துக்குப் போ என்று சொல்லிக் கதவைப் பூட்டினார். சுடுகாட்டுப் பாதை மறுக்கப்பட்டுப் பிணத்தோடு வயல் வரப்பிலே இறங்கி நடந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இதைப் புரிந்துகொள்ள உரையாசிரியர் தேவையில்லை!

குடும்பத்தார் இளம் சொலிசிட்டரிடம் வந்தனர். 'நிலம் 1864லேயே ஊருக்குக் கொடுக்கப்பட்டது. பின்னால் எழுதிய நிபந்தனை செல்லாது. கதவு பூட்டியிருந்தால் உடைத்துக்கொண்டு போங்கள்' என்பதே அவர் தந்த ஆலோசனை. உடைத்தனர். மகளின் பக்கத்திலே தந்தையைப் புதைத்தனர். வழக்கு வந்தது, சான்றாயர்கள் குடும்பத்தின் பக்கம் நின்றனர், நீதிபதியோ பாதிரியாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். விட்டாரா லாய்டு ஜார்ஜ்? இலண்டனுக்கு மேல்முறையீடு கொண்டுபோய், 1888 டிசம்பரில் வென்றார். அடுத்து 1890இல் நடந்த இடைத்தேர்தலில் பதினெட்டே வாக்குகள் கூடுதலாகப் பெற்றுப் பாராளுமன்றம் புகுந்தார். 1916இல் தலைமை அமைச்சரானார். பட்டங்களை விலைக்கு விற்றவர் என்ற பழி பின்னாளில் அவர்மீது படிந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. நான் சொல்ல வந்தது அவருடைய பெருமை அல்ல, தம்பி. செருப்புத் தைப்பவரின் சேமிப்பு அந்தப் பிள்ளையை உள்ளே அனுப்பியது. ஆகவே கல்லுடைப்பவரின் பிணத்துக்கு ஒரு சொலிசிட்டர் கிடைத்தார். வாயிலில் எவரிடம் என்ன விலை கேட்கிறார்களோ, அதைப் பொறுத்தே உள்ளே எவருக்காக வாதாடுவார்கள் என்பது அமைகிறது.

பணமிருந்தும் போதாதென்று நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. ஆக்ஸ்போர்டில் சட்டம் படித்து முதல் வகுப்புத் தகுதி பெற்ற க்வினெத் பெப் என்ற மங்கை, சொலிசிட்டர் தேர்வு எழுத விண்ணப்பித்தார். பெண் என்பதால் மறுத்தது சட்டச் சங்கம். 1913இல் வழக்காடினார். ஆண்பாலில் கூறும் சொற்கள் பெண்ணையும் குறிக்கும் என்று 1843ஆம் ஆண்டுச் சொலிசிட்டர் சட்டத்திலேயே இருந்தது. எழுத்து அவர் பக்கம். ஆனால் மன்றம் எதைச் சொல்லி மறுத்தது? வழக்கம்! இதுவரை எந்தப் பெண்ணும் இத்தொழிலில் இருந்ததில்லை, ஆகவே இனியும் இயலாது என்று! 'நெடுநாள் வழக்கம்' என்னும் அந்த மந்திரத்தை எத்தனை கோயில் வாயில்களில், எத்தனை குளக்கரைகளில் நாம் கேட்டிருக்கிறோம்! முடிவில் 1919இல் தடையை நீக்கிச் சட்டம் வந்தது. அப்போது தலைமை அமைச்சர், அதே லாய்டு ஜார்ஜ். 1922 டிசம்பரில் கேரி மாரிசன் முதல் பெண் சொலிசிட்டராகப் பதிவானார். பெப் அதைக் காணவில்லை. முந்தின ஆண்டே, மகப்பேற்றை அடுத்து வந்த நோயால் மறைந்துவிட்டார்.

இனி இன்றைய நிலை. ஒப்பந்தக் குமாஸ்தா என்ற பெயர் போய்ப் பயிற்சி சொலிசிட்டர் என்ற பெயர் வந்தது; தந்தை பணம் கட்டும் வழக்கமும் போயிற்று. இரண்டாண்டுப் பயிற்சி ஒப்பந்தம் தரும் அலுவலகங்கள் இருந்தாலும், இடம் சில, விண்ணப்பம் பல. பெரிய அலுவலகங்கள் இரண்டாண்டுகளுக்கு முன்பே ஆளைத் தேர்ந்துகொள்கின்றன. கோடை விடுமுறையில் சில வாரம் அழைத்துப் பார்த்து எடுப்பதும் உண்டு. படிப்புச் செலவை அவையே ஏற்கும். சிறிய அலுவலகங்களில் அப்படி இல்லை. பயிற்சியாளருக்கு இவ்வளவு குறையாமல் சம்பளம் தர வேண்டும் என்று தனியாக இருந்த விதியையும் 2014இல் எடுத்துவிட்டார்கள். இப்போது காவல், நாட்டின் பொதுவான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஒன்றே.

2021 செப்டம்பரில் புதிய சொலிசிட்டர் தகுதித் தேர்வு வந்தது. எஸ்.க்யூ.இ. என்கிறார்கள். எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் எழுதலாம். முதற்பகுதியில் 360 வினாக்கள், தந்த விடைகளில் சிறந்ததைத் தேர்வது. இரண்டாம் பகுதி, எழுதியும் பேசியும் செய்து காட்டுவது. ஆறாண்டுக்குள் மூன்று முறைதான் முயலலாம். 2021 நவம்பரில் நடந்த முதல் தேர்வில் தேறியவர் 53 விழுக்காடு. இரு பகுதிக்கும் கட்டணம் தொடக்கத்தில் 3,980 பவுன். 2024 செப்டம்பரில் 4,790. பயிற்சி வகுப்புக்குத் தனியே ஆயிரக்கணக்கில். பவுன் என்றால் அந்நாட்டுப் பவுன். ஆனால் அதைத் தேட நம்மவர் அடகு வைப்பது இந்நாட்டுப் பவுனைத்தான்! கதவிலே எழுதியிருந்த 'தந்தை கட்டுக' என்பதை அழித்துவிட்டுத் 'தேர்வர் கட்டுக' என்று எழுதிவிட்டால் சுவர் இடிந்துவிடுமா? 2024 தொடக்கத்தில் எழுதியவர்களில் 175 பேர் உண்மையில் தேறியிருந்தும், மதிப்பெண்ணைச் சுருக்கிக் கணக்கிட்டதில் நேர்ந்த பிழையால் தோற்றதாக அறிவிக்கப்பட்டனர். ஏழை வீட்டுப் பிள்ளை அந்தத் தாளை நம்பி வேறு வேலைக்குப் போயிருந்தால்?

எனினும், கோட்டைப் பெருங்கதவு சாத்தியிருக்கும்போதும் ஆள் நுழையத் திட்டிவாசல் ஒன்று இருக்கும் அல்லவா? 2021 அதையும் திறந்தது. இரண்டாண்டுப் பணி அனுபவம் ஒரே அலுவலகத்தில்தான் பெற வேண்டும் என்பதில்லை. நான்கு இடங்கள் வரை சேர்த்துக் காட்டலாம். ஊதியத்துக்குச் செய்த உதவியாளர் வேலையும் சேரும். சட்ட மையத்தில் தொண்டாகச் செய்ததும், பல்கலைக்கழகத்துச் சட்ட உதவிக் கூடத்தில் செய்ததும் சேரும். அங்கே ஒரு சொலிசிட்டர் அதை உறுதிசெய்து கையொப்பமிட வேண்டும். பணி நடந்தது, கற்கும் வாய்ப்பு இருந்தது என்பதற்கே கையொப்பம். 'இவர் வல்லவர்' என்ற நற்சான்று அல்ல. ஆகவே சேரும் நாளிலேயே, கையொப்பமிடுவது யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்; வாரந்தோறும் செய்ததைக் குறித்து வைக்க வேண்டும். இரண்டாண்டு கட்டுத் தூக்கிவிட்டு, எழுத்தில் ஒன்றுமில்லாமல் நிற்கும் ஜூனியர்களை நம்மூரிலேயே பார்த்திருக்கிறோமே!

வேறு வாயில்களும் சொல்கிறேன். பள்ளி முடித்ததும் வேலை செய்துகொண்டே ஆறாண்டில் சொலிசிட்டராகும் தொழிற்பயிற்சி முறை 2016 முதல் நடக்கிறது. ஆனால் 2026 ஜனவரி முதல், 22 வயதை எட்டிவிட்டவர்க்குப் பெரும்பாலும் அதற்கு அரசுப் பணம் இல்லை. தம்பிமார் தங்கைமார் இருப்போர் இதைக் காலத்தோடு அறிவது நலம். எளிய குடும்பத்தவரின் தேர்வுச் செலவை ஏற்க 2004 முதல் சட்டச் சங்கத்தின் உதவித் திட்டம் இருக்கிறது. இங்கிருந்து போக எண்ணுவோருக்கு ஒரு சொல்: ஓராண்டு மேற்படிப்புப் பட்டம் எவரையும் சொலிசிட்டர் ஆக்காது. தரகர் அப்படிச் சொன்னால் நம்பி நிலத்தை எழுதிக் கொடுத்துவிடாதே. இங்கே வழக்கறிஞராகப் பதிவானவர் அந்தத் தேர்வை எழுதலாம். அவருக்கு இரண்டாண்டு அனுபவ நிபந்தனையும் இல்லை.

ஆலோசனை கேட்கும் முறையிலும் ஒரு முறை உண்டு. 'வேலை தாருங்கள்' என்று நூறு பேருக்கு ஒரே கடிதம் அனுப்புவதில் பயனில்லை. பத்துப் பேருக்கு, அவரவர் செய்த வழக்கு எதுவெனப் படித்தறிந்து, 'ஒருநாள் உடனிருந்து பார்க்க இசைவீர்களா' என்று பத்து வரியில் எழுதலாம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பொதுமக்கள் அமர்ந்து கேட்கக் கட்டணமில்லை. ஒரு வாரம் போய் உட்கார்ந்தால், இந்தத் தொழில் தனக்குரியதா என்பது விளங்கிவிடும்.

எந்த வாயிலில் கேட்பது என்பதும் சிறிய செய்தி அல்ல. உலகப் போர் முடிந்து, தொழிற்கட்சி அரசு 1949இல் ஏழைகளுக்குச் சட்ட உதவி வழங்கச் சட்டம் செய்தது. 2012இல் செய்த சட்டத்தால், 2013 ஏப்ரல் முதல் அதில் பெரும்பகுதியை வெட்டினார்கள். கடன், வேலை வழக்கு, சமூக உதவித்தொகை, மணமுறிவு, குடியேற்றம் இவற்றில் பெரும்பாலானவை போயின. சட்ட மையங்கள் பல மூடப்பட்டன. கடன் வாங்கிப் படித்தவர் கம்பெனி வழக்குகளை நாடிப் போகிறார்; அவரைக் குறை சொல்லிப் பயனென்ன? கடனை யார் அடைப்பது? தேர்வுக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி, ஏழை வழக்குகளை நடத்தும் இடங்களில் பயிற்சியாளருக்குப் பொதுப் பணத்திலிருந்து ஊதியம் தரச் சொல்லி, அந்நாட்டில் எழும் குரல் நியாயமான குரல் என்பது என் கருத்து.

மிஞ்சி நிற்கும் சட்ட மையங்களில் மூத்தது, வடக்கு கென்சிங்டனில் இருக்கிறது. 1970இல், கோல்போர்ன் சாலையில், கறிக்கடையாக இருந்த கட்டடத்தில் தொடங்கினார்கள். 2017இல் கிரென்பெல் அடுக்குமாடி எரிந்து 72 உயிர்கள் போனபோது, வீடிழந்தோர் சட்ட உதவிக்காகப் போய் நின்ற இடங்களுள் அதுவும் ஒன்று. அத்தகைய இடங்களின் முகவரிகளைத் திரட்டி அனுப்பியிருக்கிறேன். தமிழ் பேசத் தெரியும் என்பதையும் விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹாரோவிலும், தாய்க்காகப் பிள்ளைதான் இன்னமும் மொழிபெயர்த்துக் கொண்டிருக்கிறது.