கைப்பேசி நிறுவனத்தை மாற்றுமுன்...



2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பள்ளிகள் அடைபட்டிருந்த காலம். இயங்கலை வகுப்பில் என் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் பெயர் திரையில் தோன்றும். பாடம் பாதியில் இருக்கையில் மறைந்துவிடும். மூன்றாம் நாள் அவன் தாயாரை அழைத்துச் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், பையன் வீட்டுக்குப் பின்னால தண்ணித் தொட்டிகிட்ட உக்காந்துதான் படிக்கிறான். உள்ள வந்தா லைன் இல்ல. வெயில் ஏறினா எங்க சார் உக்காருவான்?" என்றார். அதற்குள் இருமுறை கூடுதல் தரவுக்குப் பணம் கட்டியிருந்தார்களாம்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவர்கள் கட்டிய பணமும் வீண். குறை தரவில் இல்லை. வீட்டுக்குள் வரவேண்டிய அலையில் இருந்தது.

இன்றும் பெற்றோர் பலர் இதே தவற்றைச் செய்கிறார்கள். 'எத்தனை கிகாபைட், எத்தனை வெள்ளி' என்று பார்த்துத்தான் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். பிள்ளை அமர்ந்து படிக்கும் அறையில் அந்நிறுவனத்தின் அலை எட்டுகிறதா என்பதை எவரும் முதலில் பார்ப்பதில்லை. என் கருத்தில் அதுவே முதற்கேள்வி, விலை இரண்டாவதுதான்.

அலை எட்டுவது கோபுரம் எங்கே நிற்கிறது, இடையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. குறைந்த அதிர்வெண் அலைகள் தொலைவு செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். உயர்ந்த அதிர்வெண் அலைகள் விரைவான இணையம் தரும். ஆனால் சுவரிலேயே பெரிதும் வலுவிழந்துவிடும். தகரக் கூரையோ அலையைத் திருப்பியே அனுப்பிவிடும். தோட்டத்து வீடுகளில் வாசலில் கிடைக்கும் லைன் அடுக்களையில் கிடைக்காமல் போவது இதனால்தான். நிறுவனங்களின் கவரேஜ் வரைபடம் உங்கள் கூரையை அறியாது.

திரையில் தெரியும் கோடுகளையும் நம்ப வேண்டாம். எத்தனை கோடு காட்டுவது என்பதற்குப் பொது அளவுகோல் இல்லை. கைப்பேசிக்குக் கைப்பேசி மாறும். ஆண்டிராய்டு கைப்பேசிகள் பலவற்றில் அமைப்புப் பகுதியில் சிம் அட்டையின் நிலையைத் திறந்தால் கழித்தல் குறியுடன் ஓர் எண் தெரியும். 4ஜியில் அது -90 அளவில் இருந்தால் நன்று. -110ஐத் தாண்டிக் கீழே போனால் பாடம் நடக்காது. பத்து எண் வேறுபாடு என்பது பத்து மடங்கு வேறுபாடு!

ஆகவே, மாறுவதற்கு முன் சோதியுங்கள். பத்து வெள்ளி அளவில் முன்கட்டண சிம் அட்டை ஒன்றை வாங்கி, அல்லது அண்டை வீட்டாரின் அட்டையை இரவல் பெற்று, பிள்ளை படிக்கும் இடத்திலேயே காலையிலும் இரவு எட்டு மணிக்கும் பாருங்கள். எல்லாரும் வீட்டிலிருக்கும் இரவு வேளையில்தான் உண்மை தெரியும்.

ஒரு காலத்தில் 012 என்றால் மேக்சிஸ், 016 என்றால் டிஜி, 019 என்றால் செல்கோம் என்று எண்ணைக் கேட்டதும் சொல்லிவிடுவோம். 2008இல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி வந்தபின் அந்தக் கணக்கு செல்லாது. செல்கோமும் டிஜியும்கூட 2022 நவம்பரில் ஒன்றாகிவிட்டன. சிறு நிறுவனங்கள் பல, பெரிய நிறுவனங்களின் கோபுரங்களையே பயன்படுத்துகின்றன. பெயரை மாற்றிவிட்டு அதே கோபுரத்துக்கே திரும்பி வருவதில் பயனில்லை, கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். எண் உங்கள் பெயரிலேயே பதிவாகியுள்ளதா என்பதையும் பாருங்கள். மாமா பெயரில் பதிந்த எண்ணோடு கடைக்குச் சென்று திரும்பியவர்களை நான் அறிவேன்! முன்கட்டணச் சேவையில் மிச்சமிருக்கும் தொகையும் உடன் வராது.

3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டதால், 4ஜி வழியே குரல் அழைப்பை ஏற்காத பழைய கைப்பேசிகள் பேசுவதற்கு 2ஜியைத்தான் நம்பியுள்ளன. அங்கே குற்றம் நிறுவனத்தினுடையது அன்று. வீட்டில் கம்பிவழி இணையம் இருப்பின், வைஃபை வழி அழைப்பு வசதியை முதலில் இயக்கிப் பாருங்கள், மாறவே தேவையிராது.

அந்த மாணவனின் வீட்டில் பக்கத்து வீட்டு அக்காவின் சிம் அட்டையைப் போட்டுப் பார்த்தார்கள். அடுக்களைச் சன்னலோரம் லைன் கிடைத்தது. நாற்காலியை அங்கே நகர்த்தினார்கள். அதன்பின் பெற்றோர் கூட்டங்களில் "உங்கள் வரிசையில் எது எடுக்கிறது?" என்று கேட்டு வெண்பலகையில் எழுதிவைப்பதை வழக்கமாக்கிக் கொண்டேன். எந்த விளம்பரத்தை விடவும் அந்தப் பட்டியல் எங்கள் வட்டாரத்துக்கு உதவியது.

எந்த நிறுவனத்தின் அலையும் எட்டாத வீடுகளும் உண்டு. அவர்களிடம் 'மாறிப் பாருங்கள்' என்று சொல்வது வெறும் பேச்சு. நாள், நேரம், அந்தக் கழித்தல் எண் ஆகியவற்றைக் குறித்து முதலில் நிறுவனத்திடமும், பதில் இல்லையேல் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமும் முறையிட வேண்டும். மலாயில் கடிதம் எழுதத் தயங்கும் பெற்றோருக்கு ஆசிரியர்களாகிய நாம் எழுதிக் கொடுக்கலாம். எங்கள் பள்ளியில் நான்கு கடிதங்கள் எழுதினோம். ஒன்றுக்கு மட்டும் ஆள் வந்து அளந்து பார்த்துவிட்டுச் சென்றார்கள். மற்ற மூன்றையும் மீண்டும் அனுப்பியிருக்கிறோம்.