பிளான் பலவாகலாம், முடிவு ஒன்றாக வேண்டும்

எமது வியாபாரிகள் கடையில் ஒரு ரூபாவுக்கும் கணக்கு வைப்பவர்கள். எந்தச் சாமான் என்ன விலைக்கு வந்தது, யாருக்கு எத்தனை நாள் கடன் என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்கும். ஆனால் அதே வியாபாரி பழைய கடையை உடைத்து மேல்மாடியுடன் கட்டத் தொடங்கியதும் அந்தக் கணக்குப் புத்தி எங்கோ ஒளிந்து கொள்கிறது. "மாடிப்படியை முன்னாலும் போட்டுப் பாருங்கள், பின்னாலும் போட்டுப் பாருங்கள், பிறகு முடிவு செய்வோம்" என்று படவரைஞரிடம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். அத்திவாரம் வெட்டிய பின்னரும் அந்தப் 'பிறகு' வந்து சேர்வதில்லை.

கட்டடங்களுக்குப் பொருட்கணக்கு எடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற வகையில் இது பற்றி வர்த்தக சகோதரர்களுடன் சில விடயங்களைப் பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

முதலில், மாற்று யோசனை கேட்பது தவறே இல்லை. மஷூரா செய்து முடிவெடுக்கும்படி எமது மார்க்கமே சொல்கிறது. உதாரணத்துக்கு, வீதிப் பக்கம் 20 அடி அகலமுள்ள கடையை எடுத்துக் கொள்வோம். 4 அடி மாடிப்படியை முன்னால் வைத்தால் சுவரோடு சேர்த்து ஏறத்தாழ 5 அடி போய்விடும். கடை முகப்பில் கால் பங்கு இல்லை. பின்னால் வைத்தால் முகப்பு முழுவதும் மிஞ்சும். ஆனால் மேல்மாடிக்குப் போகிறவர் கடைக்குள்ளால்தான் போக வேண்டும்; மேல்மாடியைத் தனியாக வாடகைக்குக் கொடுக்க முடியாது. எது இலாபம் என்பது உங்கள் வியாபாரத்தைப் பொறுத்தது. இரண்டையும் வரைந்து பார்ப்பதே புத்திசாலித்தனம்.

சிக்கல் தொடங்குவது வரைந்தவற்றை வைத்துக் கொள்ளும் முறையில்தான். மாடிப்படிக்கு 2 யோசனை, முகப்புக்கு 3 யோசனை, கூரைக்கு 2 யோசனை என்றால் மொத்தம் 12 விதமான கட்டடங்கள். ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாகக் கணனியில் வைத்தால், மேல்மாடிக் குளியலறையை ஓரடி நகர்த்த 12 கோப்புகளைத் திருத்த வேண்டும். யாரும் பன்னிரண்டையும் திருத்துவதில்லை. மூன்றைத் திருத்துவார்கள். மற்றவை பழைய குளியலறையோடு கிடக்கும். 'இறுதி', 'இறுதி 2', 'புதிய இறுதி' என்று பெயரிட்ட கோப்புகளில் எதிலிருந்து பாஸுக்குப் பிரதி போனது என்று கேட்டால் ஒருவரும் பேசமாட்டார்கள்.

இதற்கென்றே கட்டட வடிவமைப்பு மென்பொருட்களில் வசதி இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்து, 2002இல் ஓட்டோடெஸ்க் நிறுவனம் விலைக்கு வாங்கிய 'ரெவிட்' மென்பொருளில் இதனை 'டிசைன் ஒப்ஷன்' என்பார்கள். எல்லா யோசனைக்கும் பொதுவான தூண், சுவர், தளம் என்பன பிரதான மொடலில் ஒரு முறை மட்டும் இருக்கும். மாறுகின்ற பகுதிகள் மட்டும் தனித்தனிக் கட்டுகளாக அதே கோப்புக்குள் இருக்கும். மேற்சொன்ன கடைக்கு 12 கோப்புகள் வேண்டியதில்லை; ஒரே கோப்பில் 3 கட்டுகள், அவற்றுக்குள் 7 யோசனைகள் போதும். ஒவ்வொரு கட்டிலும் ஒரு யோசனை 'பிரைமரி', அதாவது முதன்மையானது. முடிவு எடுத்ததும் அந்த முதன்மை யோசனையை ஏற்றுக்கொள்ளும் கட்டளையைக் கொடுத்தால் அது பிரதான மொடலோடு சேர்ந்துவிடும். அந்தக் கட்டிலிருந்த மற்றவை அழிந்துவிடும். ஆர்க்கிகாட் மென்பொருளிலும் 2023இல் வந்த 27ஆம் பதிப்பு முதல் இப்படியான வசதி உண்டு.

ஆனால் மென்பொருள் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. ரெவிட்டில் மாடிகளின் உயர மட்டங்களை இந்தக் கட்டுகளுக்குள் போட முடியாது. கீழ்க் கடைக்கு 10 அடி உயரமா, 12 அடி உயரமா என்ற கேள்வியை முதலிலேயே முடித்துக் கொள்ள வேண்டும். இந்தக் கூரை இந்த மாடிப்படிக்குத்தான் பொருந்தும் என்பதைக் கவனிப்பதும் வரைபவரின் பொறுப்பே.

இன்னொன்று பணத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. வேறு விதமாக அமைக்காத வரை ஒவ்வொரு படமும் பட்டியலும் முதன்மை யோசனையைத்தான் காட்டும். வரைபடத்தை இரண்டாவது யோசனைக்கு மாற்றிவிட்டுப் பொருட்பட்டியலை மாற்ற மறந்தால், முன்படிக்கு விலை போட்டுப் பின்படியைக் கட்டுவோம். எனவே பிரதியிலும் பட்டியலிலும் யோசனையின் பெயரும் திகதியும் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

என்னுடைய உறுதியான கருத்து இதுதான்: விலை போடாத யோசனை வெறும் படம். வண்ணப் படத்தைப் பார்த்து முகப்பைத் தெரிவு செய்கிறோம். கண்ணாடிக்கும் அலுமினியத்துக்கும் எவ்வளவு என்பது பிறகுதான் தெரிய வருகிறது. ஒவ்வொரு யோசனைக்கும் தனியாக அளவுப் பட்டியல் எடுக்க மென்பொருளில் வழி உண்டு. அதைக் கேட்டுப் பெறுங்கள். விலைக்குப் பக்கத்தில் திகதியையும் எழுதுங்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் எப்படி ஏறின என்பதைக் கண்டவர்கள் நாம். பழைய விலையில் ஒரு யோசனையையும் புதிய விலையில் மற்றதையும் வைத்து ஒப்பிடுவது நம்மை நாமே ஏமாற்றுவதாகும்.

கூலி பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு பிளானுக்குப் பேசிவிட்டு ஐந்து யோசனை வரைவித்து, கடைசியில் ஒன்றுக்கு மட்டும் காசு கொடுப்பது எமக்குள் சாதாரணமாகிவிட்டது. கணனியில்தானே, ஒரு பொத்தானை அமர்த்தினால் வந்துவிடும் என்று நினைக்கிறோம். வரைந்தவரின் இரவுகள் அதில் இருக்கின்றன. எத்தனை யோசனை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது அவருடைய ஹக்கைக் காப்பாற்றும். தேவையில்லாத யோசனைகளும் தாமாகவே குறைந்துவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, முடிவெடுக்கும் நாள். அனுமதிக்காக உள்ளூராட்சி சபைக்கோ நகர அபிவிருத்தி அதிகார சபைக்கோ பிளானைக் கொடுப்பதற்கு முன்னர் எல்லாக் கட்டுகளும் மூடப்பட வேண்டும். அனுமதித்தது ஒன்று, கட்டியது வேறு என்றால் பின்னர் சி.ஓ.சி. எடுக்கப் போகும்போது அலைய நேரிடும். மற்ற யோசனைகளை அழிக்கும் முன் கோப்பின் பிரதி ஒன்றைத் திகதியிட்டுத் தனியாக வைக்கச் சொல்லுங்கள். பிறகு வேலைக் கோப்பில் ஒன்றே இருக்கட்டும்.

அந்த முடிவை எழுத்திலும் வையுங்கள். எமது கடைகளில் அநேகமானவை சகோதரர்களும் மச்சான்மாரும் பங்காளிகளாக இருப்பவை. "நான் பின்னால்தான் வைக்கச் சொன்னேன்" என்ற ஒரு சொல் பல வருட உறவைக் கெடுத்துவிடும். குர்ஆனின் மிக நீளமான வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதை நாம் அறிவோம். இலட்சக்கணக்கில் செலவாகும் கட்டடத்துக்கு ஒரு பக்கம் எழுத ஏன் சோம்பல்?

உங்கள் படவரைஞரிடம் இந்த மென்பொருட்கள் இல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை. ஒரு தாளில் கோடு போட்டு யோசனையின் பெயர், செலவு, எடுக்கும் நாட்கள், அதனால் வரும் வாடகை அல்லது இழக்கும் இடம், தெரிவு செய்த திகதி, பங்காளிகளின் கையொப்பம் ஆகியவற்றை எழுதுங்கள். கணனி செய்வதும் இந்த ஒழுங்கைத்தான். அடுத்த முறை பிளான் பார்க்கப் போகும்போது இந்தத் தாளையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், கட்டடமும் நிற்கும், உறவும் நிற்கும்.