என். சீனிவாசன்: கொடுத்ததும் வளைத்ததும்

தமிழ்நாட்டுக் கிரிக்கெட்டின் கடந்த கால் நூற்றாண்டில் என். சீனிவாசன் அளவுக்கு அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தவர் வேறு யாரும் இல்லை. இந்தியா சிமெண்ட்ஸ் நிர்வாக இயக்குநர், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத் தலைவர், சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் பின்னால் இருந்த முதலாளி, இந்தியக் கிரிக்கெட் வாரியத் தலைவர், சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் முதல் சேர்மன். இந்தப் பொறுப்புகளில் பலவற்றை அவர் ஒரே சமயத்தில் வகித்தார். அவரால் விளைந்த நன்மையும் கெடுதலும் பெரும்பாலும் அதிலிருந்தே வந்தன.

அவருடைய தந்தை டி.எஸ். நாராயணசுவாமி, சங்கரலிங்க ஐயருடன் சேர்ந்து 1946-இல் இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்தில் ஆலை 1949-இல் ஓடத் தொடங்கியது. 1989-இல் நிர்வாகம் சீனிவாசன் கைக்கு வந்தது. சென்னை லீக் கிரிக்கெட்டைத் தாங்கி நின்றவை கம்பெனி அணிகள்தான். வேலை கொடுத்து, மாதச் சம்பளம் கொடுத்து, ஆட விடுவது அங்கே பழைய வழக்கம். சீனிவாசன் அதை மற்றவர்களைவிடப் பெரிதாகச் செய்தார். லீக்கில் பல அணிகளை நடத்தினார். பெங்களூர்க்காரரான ராகுல் டிராவிட்கூட இந்தியா சிமெண்ட்ஸ் ஊழியராகத்தான் சென்னை லீக்கில் ஆடினார். ஐ.பி.எல். பணம் வருவதற்கு முந்திய காலத்தில், ரஞ்சி அணியின் வாசலில் நின்ற ஓர் இளைஞனுக்கு இந்தச் சம்பளம் எவ்வளவு பெரிய தைரியம் என்பது அவன் வீட்டாருக்குத்தான் தெரியும். இதை விளம்பரச் செலவு என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

2008 ஜனவரியில் ஐ.பி.எல். அணிகள் ஏலம் போனபோது இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலருக்குச் சென்னை அணியை எடுத்தது. அப்போது சீனிவாசன் கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளர். வாரியத்தின் விதி 6.2.4, நிர்வாகி எவருக்கும் வாரியம் நடத்தும் ஆட்டங்களில் நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக ஆதாயம் இருக்கக் கூடாது என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்த விதியில் சில சொற்களைச் சேர்த்து, ஐ.பி.எல்., சாம்பியன்ஸ் லீக் போட்டிகளுக்கு விலக்கு அளித்தார்கள். அணியை முதலில் வாங்கி, விதியைப் பிறகு திருத்தினார்கள். முன்னாள் வாரியத் தலைவர் ஏ.சி. முத்தையா அப்போதே நீதிமன்றம் போனார். பின்னால் வந்த சூதாட்டப் புகாரைவிட இந்தத் திருத்தமே பெரிய தவறு. சூதாட்டம் ஒரு தனியாளின் குற்றம். இதுவோ அமைப்பையே ஒருவருக்காக வளைத்த காரியம்.

அணியை நடத்திய விதத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. மகேந்திர சிங் தோனியை 15 லட்சம் டாலருக்கு எடுத்தார்கள். அதன் பிறகு ஒன்றிரண்டு ஆட்டம் தோற்றதும் ஆளை மாற்றும் பழக்கம் அந்த அணியில் இல்லை. முதலாளி ஓய்வறைக்குள் தலையிடுவதில்லை என்று ஆட்டக்காரர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் கோப்பை வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் இலுப்பூர், அன்னவாசல் பக்கம் கண்மாய் வற்றிய மாதங்களில் டென்னிஸ் பந்தில் ஆடும் பையன்கள் மஞ்சள் பனியனைத் தேடிப் பிடித்துப் போட்டுக்கொண்டதற்கு அந்த அணியின் நிலைத்தன்மைதான் காரணம். சேப்பாக்கத்தை நேரில் பார்க்காதவர்களுக்கும் அது சொந்த அணி.

ஆனால் அதே தோனி இந்திய அணிக்கும் கேப்டன். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் டெஸ்ட் தொடர்களில் 0-4 என்று தோற்ற பிறகு, அவரைத் தலைமையிலிருந்து மாற்றத் தேர்வாளர்கள் 2012-இல் முனைந்தார்கள். வாரியத் தலைவராக இருந்த சீனிவாசன் ஒப்புதல் தரவில்லை. பின்னாளில் அதை அவரே ஒப்புக்கொண்டார். முடிவு சரியாகவே இருந்திருக்கலாம். எடுத்தவர் அந்தக் கேப்டனின் ஐ.பி.எல். முதலாளி என்பதால் அது சரியா தப்பா என்று நம்பிக்கையோடு சொல்ல இன்றுவரை யாராலும் முடியவில்லை.

2013 மே மாதம் மருமகன் குருநாத் மெய்யப்பன் பந்தயப் புகாரில் மும்பையில் கைதானார். அணியின் முகமாகப் பல ஆண்டுகள் டக்-அவுட்டில் உட்கார்ந்திருந்தவரை, வெறும் ஆர்வலர் என்று சீனிவாசன் தரப்பு சொன்னது. வாரியமே இரண்டு ஓய்வுபெற்ற நீதிபதிகளை வைத்து விசாரித்துத் தப்பில்லை என்றது. அந்தக் குழு அமைந்த முறையே செல்லாது என்று மும்பை உயர் நீதிமன்றம் தள்ளியது. அடுத்து உச்ச நீதிமன்றம் அமைத்த முத்கல் குழு, குருநாத் அணி அதிகாரிதான் என்றும் பந்தயம் கட்டினார் என்றும் கண்டது. சீனிவாசன் சூதாட்டத்தில் ஈடுபட்டதாகவோ விசாரணையைத் தடுத்ததாகவோ நிரூபணமாகவில்லை. அவரைக் குறை கூறுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2015 ஜனவரி 22-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் டி.எஸ். தாக்கூரும் காரைக்குடிக்காரரான கலிபுல்லாவும் அந்த 2008 திருத்தத்தை ரத்து செய்தார்கள். அணி வைத்திருப்பவர் வாரியத் தேர்தலில் நிற்கக் கூடாது என்றார்கள். ஜூலையில் அந்த நீதிமன்றம் அமைத்த லோதா குழு குருநாத்துக்கு ஆயுள் தடையும், சென்னை, ராஜஸ்தான் அணிகளுக்கு இரண்டாண்டு தடையும் விதித்தது. 2016, 2017 இரண்டு சீசன்களும் சென்னை இல்லாமலே நடந்தன. பந்தயத்தைப் பற்றி ஒன்றும் அறியாத ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் அந்தத் தண்டனையைச் சுமந்தார்கள்.

அமெரிக்க பேஸ்பாலில் நியூயார்க் யாங்கீஸ் அணியை 1973-இல் வாங்கிய ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர் ஏழு முறை உலகத் தொடரை வென்றார். இரண்டு முறை தடையும் பெற்றார். சட்டவிரோத தேர்தல் நன்கொடைக்காக 1974-இலும், தன் ஆட்டக்காரர் ஒருவருக்கு எதிராகத் தகவல் திரட்டச் சூதாடி ஒருவனுக்குப் பணம் கொடுத்ததற்காக 1990-இலும் லீக்கின் ஆணையரே அவரைத் தண்டித்தார். அங்கே உரிமையாளர் ஒருவர், ஆணையர் வேறொருவர். இங்கே தண்டிக்க வேண்டிய வாரியத்தின் தலைமையில் அணிக்காரரே இருந்ததால், வழக்கு டெல்லி வரை போக வேண்டியதாயிற்று.

முதலில் செய்துவிட்டு விதியைப் பிறகு பார்க்கும் சாயல் அவருடைய சங்கம் நடத்திய சேப்பாக்கத்திலும் உண்டு. 2011 உலகக் கோப்பைக்காக மைதானத்தைப் புதுப்பித்து எழுப்பிய கேலரிகளில் ஐ, ஜே, கே மூன்றும் கட்டட அனுமதிச் சிக்கலில் 2012-இல் சீல் வைக்கப்பட்டன. சுமார் 12,000 இருக்கைகள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தன. 2019 ஐ.பி.எல். இறுதி ஆட்டம் இதனாலேயே ஹைதராபாத்துக்குப் போனது.

மாவட்டங்களுக்கு அவர் காலத்தில் கிடைத்தது டி.என்.பி.எல். என்ற தமிழ்நாடு பிரீமியர் லீக். 2016-இல் தொடங்கிய அந்தப் போட்டி சேப்பாக்கத்தோடு நிற்காமல் நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்துக்கும் தாழையூத்து சங்கர் நகருக்கும் வந்தது. இலுப்பூரிலிருந்து விராலிமலை, துவரங்குறிச்சி வழியாக நத்தம் போய் ஃப்ளட்லைட்டில் ஆட்டம் பார்த்துவிட்டு இரவோடு இரவாக ஊர் திரும்ப முடிந்தது. சின்னப்பம்பட்டி நடராஜனையும் வருண் சக்ரவர்த்தியையும் ஐ.பி.எல். ஆள்தேடுபவர்கள் கண்டது இந்தப் போட்டியில்தான். கோப்பைகளைவிட இதுவே அவர் காலத்தின் உறுதியான வரவு. குறையும் உண்டு. இந்தப் பக்கத்துக்கென்று இருந்த காரைக்குடி காளை அணி பெயர் மாறித் திருப்பூருக்குப் போய்விட்டது. புதுக்கோட்டை மாவட்டத்தில் டி.என்.பி.எல். ஆட்டம் இன்னும் நடக்கவில்லை.

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் தலைமைக்கு 2019-இல் அவர் மகள் ரூபா குருநாத் வந்தார். மாநிலக் கிரிக்கெட் சங்கம் ஒன்றுக்குத் தலைவரான முதல் பெண் அவர். ஆனால் அங்கேயும் இரட்டை ஆதாயக் கேள்வி எழுந்தது. 2021-இல் அவர் விலகினார். 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் அல்ட்ராடெக் கைக்கு மாறியது, சீனிவாசனும் பதவி விலகினார். தந்தை தொடங்கிய சிமெண்ட் கம்பெனி குடும்பத்தின் கையை விட்டுப் போனது. 2015-லேயே தனிக் கம்பெனியாகப் பிரிக்கப்பட்டிருந்த சூப்பர் கிங்ஸ் அந்த விற்பனையில் சேரவில்லை.