பல்லைக் காப்பது யார் பொறுப்பு?

1951 ஏப்ரல் மாதம் பிரிட்டனில் ஒரு மந்திரி ராஜினாமா செய்தார். அவர் பெயர் அனூரின் பெவன். வேல்ஸ் பகுதியில் டிரெடேகர் என்ற நிலக்கரி ஊரில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, 13 வயதில் தானும் சுரங்கத்துக்குள் இறங்கியவர். 1948 ஜூலை 5ந் தேதி அந்நாட்டில் தேசிய சுகாதார சேவை பிறந்தபோது சுகாதார மந்திரியாக இருந்து அதைக் கட்டியவர் அவரே. அந்தச் சேவையில் இலவசமாகக் கிடைத்து வந்த பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் ஜனங்களிடம் பாதி விலை வசூலிப்பது என்று அவருடைய சொந்தக் கட்சி சர்க்காரே பட்ஜெட் போட்டது. பணம் எதற்கு? கொரியா யுத்தத்தையொட்டி ஆயுதங்களைப் பெருக்குவதற்கு! பெவன் மந்திரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

பல் செட்டுக்காகவா ஒருவர் பதவியை விடுவது என்று சிலர் சிரிக்கக்கூடும். பெவன் சிரிக்கவில்லை, அவருக்குச் சுரங்க ஊர்களின் வாய் தெரியும். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் தொழிலாளர் குடும்பங்கள் சிலவற்றில், கலியாணமாகும் பெண்ணுக்கு எல்லாப் பற்களையும் பிடுங்கிப் பல் செட் கட்டிக்கொடுப்பதே சீராக இருந்தது. பின்னால் புருஷனுக்குப் பல் வைத்தியச் செலவு வராமலிருக்கட்டும் என்ற கணக்கு. இருபது வயதுப் பெண்ணின் நல்ல பல்லும் சேர்ந்து போயிற்று. ஏழையின் பல்லுக்கு வைத்தியமே பிடுங்குவதுதான் என்றிருந்த உலகம் அது.

நம் நாட்டில் அந்த உலகம் மறைந்துவிட்டதா? கட்டிட வேலைக்குப் போகும் ஒரு தோழருக்குக் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் கிராம்பை வைத்துக் கடிப்பார். பிறகு மருந்துக் கடையில் வலி மாத்திரை. வலி அடங்கினால் வேலைக்குப் போவார். அடங்காவிட்டால் ஒரு நாள் கூலி போகும். நாலு முறை இப்படிக் கழிந்தபின் கன்னம் வீங்கும். அப்போது தனியார் பல் டாக்டரிடம் போனால் வேர் சிகிச்சை, அதன் மேல் தொப்பி என்று ஆயிரக்கணக்கில் சொல்வார்கள். அந்தப் பணம் இல்லாதவர் பிடுங்கச் சொல்லிவிட்டு வருவார். இரண்டு நிமிஷ வேலையில் குணமாகியிருக்க வேண்டிய சிறு குழி, ஒரு பல்லையும் பல நாள் கூலியையும் தின்றுவிட்டது. இதைத் தலைவிதி என்று சொல்கிறவர்களும் உண்டு. படித்தவர்களோ அவருடைய அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அலட்சியமா என்று பார்ப்போம். 2022ல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் சுமார் 350 கோடி ஜனங்களுக்கு வாய் நோய் ஏதாவது ஒன்று இருப்பதாகக் கூறுகிறது. இவர்களில் நாலில் மூன்று பேர் நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறவர்கள். 350 கோடிப் பேருக்கும் ஒரே சமயத்தில் அலட்சியம் தொற்றிக்கொண்டது என்றா சொல்வது?

பல் சொத்தையாவது எப்படி என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பல்லில் பூச்சி விழுந்துவிட்டது என்கிறோம். பூச்சி எதுவும் இல்லை. பல்லின் மேல் பசைபோலப் படியும் அழுக்கில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியிருக்கின்றன. நாம் தின்னும் சர்க்கரைதான் அவற்றுக்குத் தீனி. தின்றபின் அவை ஓர் அமிலத்தைக் கக்கும். அது பல்லின் மேற்பூச்சைக் கரைக்கும். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உமிழ்நீர் அந்த அமிலத்தை அடக்கி, கரைந்த இடத்தைக் கொஞ்சம் செப்பனிட்டுவிடும். ஆக, எவ்வளவு சர்க்கரை தின்றோம் என்பது மட்டுமல்ல, எத்தனை தடவை தின்றோம் என்பதும் முக்கியம். உமிழ்நீருக்கு ஓய்வே கொடுக்காமல் மணிக்கொரு தடவை இனிப்பு போனால் பழுது பார்க்க நேரம் ஏது?

இப்போது பஞ்சாலையில் இரவு ஷிப்டு பார்க்கும் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். தூக்கத்தை விரட்ட ஒரு டீ, பசியை அடக்க ஒரு டீ, ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கையில் ஒரு டீ. சர்க்கரை போட்ட டீயும் இரண்டு பிஸ்கோத்தும் உழைப்பாளியின் காலை ஆகாரமாகிப் பல காலமாகிறது. நாக்கு ருசி தேடி அல்ல, நேரமும் காசும் இல்லாமல் அவர் அதைக் குடிக்கிறார். வேலைத் தலத்தில் நல்ல சாப்பாட்டுக் கூடமும், சாப்பிட அரை மணி ஓய்வும் கேட்டு சங்கம் போராடுவது பல்லுக்காகவும் நடக்கும் போராட்டம்தான்.

அடிக்கடி தின்னும் இனிப்புதான் சத்துரு என்று கண்டறியப்பட்ட கதை கொடுமையானது. சுவீடன் நாட்டில் லுண்ட் நகரில் வீப்பேஹோல்ம் என்று மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. 1940களின் பிற்பகுதியில் அங்கிருந்தவர்களுக்குப் பல்லில் ஒட்டிக்கொள்ளும் மிட்டாய்களைச் சாப்பாட்டுக்கு இடையில் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 24 மிட்டாய். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மிட்டாய், சாக்லெட் கம்பெனிகளும் இதற்கு உதவின. பற்கள் வரிசையாக அழிந்தன. சாப்பாட்டோடு சேர்த்துத் தின்ற சர்க்கரை அவ்வளவு கெடுக்கவில்லை, இடையிடையே தின்ற மிட்டாய்தான் கெடுத்தது என்று 1954ல் உலகுக்கு அறிவித்தார்கள். குரலற்றவர்களின் பல்லைக் கொடுத்து வாங்கிய அறிவு இது.

அந்த அறிவு வந்தபின் சர்க்கரை முதலாளிகள் என்ன செய்தார்கள்? அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2015ல் பழைய கடிதக் கட்டுகளைத் தோண்டியெடுத்து வெளியிட்டார்கள். 1971ல் அமெரிக்க சர்க்கார் பல் சொத்தையை ஒழிக்க ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. அதற்கு முன்பே சர்க்கரைக் கம்பெனிகளின் ஆராய்ச்சி ஸ்தாபனம் ஒரு யோசனைப் பட்டியலைக் கொடுத்திருந்தது. சர்க்கரையைக் குறைக்கும் பேச்சை எடுக்காதே, பல் அழுக்கைக் கரைக்கும் ரசாயனம் தேடு, சொத்தைக்குத் தடுப்பூசி தேடு என்பதே அதன் சாரம். அந்தப் பட்டியலில் நூற்றுக்கு 78 பங்கு சர்க்காரின் ஆராய்ச்சி அழைப்பில் இடம்பெற்றுவிட்டது! தடுப்பூசி இன்றுவரை கைக்கு வரவில்லை. மிட்டாய் விற்பனைக்கு ஒரு குறைவும் வரவில்லை.

இதே முதலாளித்துவம் மறுபக்கம் பேஸ்டும் விற்கிறது. உப்பு இருக்கிறதா, கரி இருக்கிறதா, மூலிகை இருக்கிறதா என்று டெலிவிஷனில் கேட்கிறார்கள். விளம்பரப் படத்தில் பிரஷ் நீளத்துக்கும் அலை அலையாகப் பேஸ்டைப் பிதுக்குகிறார்களே, அது பல்லுக்காக அல்ல. டியூப் சீக்கிரம் தீர்வதற்காக. பெரியவருக்கே அதில் பாதி போதும். பல்லைக் காப்பது வாசனையோ நுரையோ அல்ல, புளோரைடு என்ற பொருள். அமிலம் கரைத்த இடத்தை உமிழ்நீர் செப்பனிடும்போது அதை உறுதியாக்குவது அதுவே. விலை கூடிய பேஸ்டில்தான் அது இருக்கும் என்பதில்லை. அட்டையைத் திருப்பி, புளோரைடு 1000 பிபிஎம் என்றோ அதை ஒட்டியோ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டுச் சட்டம் பேஸ்டில் அனுமதிக்கும் உச்ச அளவு அதுதான். மூலிகை என்று விற்பவற்றில் பலவற்றில் புளோரைடே கிடையாது.

புளோரைடு பேஸ்டை 2021ல் உலக சுகாதார ஸ்தாபனம் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. அதே 2021ல் இந்தியாவில் பேஸ்டுக்கும் பிரஷ்ஷுக்கும் ஜி.எஸ்.டி. எவ்வளவு? நூற்றுக்கு 18! 2017 ஜூலையிலிருந்து 2025 செப்டம்பர் வரை, எட்டு ஆண்டுகளுக்கு மேல், பல் துலக்கிய குற்றத்துக்கு ஏழை இந்த அபராதம் கட்டினான். பின்னர்தான் அது 5 ஆகக் குறைந்தது. அத்தியாவசிய மருந்துக்கு அந்த 5 மட்டும் எதற்கு?

வீட்டில் நாம் செய்யக்கூடியதும் உண்டு. முதலாளித்துவம் ஒழிந்தபின் பல் துலக்கிக்கொள்ளலாம் என்று எந்தத் தோழரும் இருந்துவிட வேண்டாம். காலையில் துலக்குகிறோம், இரவில் துலக்குவதில்லை. தூங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடுவதால் கிருமிகளுக்கு அதுவே கொண்டாட்ட நேரம். எனவே இரவுத் துலக்கலை விடக்கூடாது. துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும்; தண்ணீர் விட்டுப் பலமுறை கொப்பளித்தால் புளோரைடும் சேர்ந்து போய்விடும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அரிசி மணி அளவு பேஸ்ட், ஆறு வயது வரை பட்டாணி அளவு. ஏழெட்டு வயது வரை பெரியவர்கள் கூடவே நின்று துலக்கிவிட வேண்டும். இது அம்மாவின் வேலை என்று அப்பா திண்ணையில் உட்கார்ந்திருப்பதும் நியாயமில்லை.

பால் பல் எப்படியும் விழப்போகிறதுதானே என்று விட்டுவிடுவது பெரிய தவறு. சொத்தைப் பால் பல் குழந்தையைச் சாப்பிட விடாது, தூங்க விடாது, பள்ளிக்கூடத்தில் பாடத்தைக் கவனிக்க விடாது. இதோடு ஆறு வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. அது பால் பல் அல்ல. ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய பல். அது முளைத்ததே பெற்றோருக்குத் தெரியாமல், சொத்தையான பிறகு விழுகிற பல்தானே என்று விட்டுவிடும் வீடுகள் எத்தனை! இரவில் இனிப்புப் பால் புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையைத் தூங்க விடுவதும் பல்லைக் கெடுக்கும்.

செங்கல் பொடி, மணல், உமிக்கரி, சாம்பல் இவை பல்லின் மேற்பூச்சைத் தேய்க்கும். ஆலங்குச்சி, வேப்பங்குச்சியை நாம் பழிக்கவில்லை. நன்றாக மென்று துலக்கினால் அவை அழுக்கை எடுக்கும். ஆனால் புளோரைடு தராது. ஈறில் ரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்திவிடுகிறார்கள்; ரத்தம் வருவதே அங்கே அழுக்கு தங்கியிருப்பதால்தான். மெதுவாகத் தொடர்ந்து துலக்க வேண்டும், நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்கள் ஈறு விஷயத்தில் இரட்டை ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரித் தோழர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். எங்கள் பிள்ளைகளின் பல்லைப் பழுப்பாக்கியதே புளோரைடுதானே என்று. உண்மை. அங்கே நிலத்தடி நீரில் அது அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம், வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை என்பதே நம் நாட்டு அளவுகோல். அதற்கு மேல் குடித்தால் பல்லும் எலும்பும் கெடும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கேட்டு ஜனங்கள் நெடுங்காலம் போராடி, 2013ல் அது நடைமுறைக்கு வந்தது. அந்தப் பகுதிகளில் முதல் தேவை நல்ல தண்ணீர். சிறு பிள்ளைகள் பேஸ்டை விழுங்காமல் பார்த்துக்கொள்வதும் அங்கே மிக அவசியம்.

வயல் வேலையிலும் பீடி சுற்றுகிற இடத்திலும் பசியை மறக்கப் புகையிலையும் பாக்கும் மெல்லுகிறார்கள். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று 2004லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாமை — இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நாள் கூலி போனால் போகட்டும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போனால் அங்கே டாக்டர் இருக்க வேண்டுமே! நாட்டில் 300க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை தனியார் நடத்துபவை. ஆண்டுதோறும் 25,000க்கு மேற்பட்ட இடங்கள். லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிப் படித்த பிள்ளைகள் வேலை தேடி அலைகிறார்கள். கிராமத்து ஜனங்களோ டாக்டர் தேடி அலைகிறார்கள். இரு கூட்டத்தையும் சேர்த்து வைக்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு நாற்காலியும் ஒரு உத்தியோகமும் வேண்டும். பல்லைப் பிடுங்க மட்டுமல்ல, சிறு குழியை அடைக்கவும் அங்கே வசதி வேண்டும். குழியை அடைக்கும் சிமெண்டும் சொத்தையைத் தடுத்து நிறுத்தும் வெள்ளி மருந்தும்கூட அந்த 2021 பட்டியலில் சேர்ந்தவையே. பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை.

எல்லாவற்றையும்விட மலிவான காரியம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் சிசுப் பள்ளிகளில் தினமும் ஆசிரியர் மேற்பார்வையில் பிள்ளைகளைப் பல் துலக்க வைத்தார்கள். 2001க்கும் 2010க்கும் இடையில் ஐந்து வயதுப் பிள்ளைகளின் பல் வைத்தியச் செலவு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்று கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் கணக்குக் காட்டினார்கள். அது பணக்கார நாடு என்பார்கள். பிலிப்பைன்ஸ் பணக்கார நாடல்லவே? அங்கேயும் அரசுப் பள்ளிகளில் கை கழுவுவது, புளோரைடு பேஸ்டால் துலக்குவது, ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மருந்து என்று மூன்றையும் சேர்த்து நடத்தினார்கள். ஒரு பிள்ளைக்கு ஆண்டுச் செலவு ஒரு டாலருக்கும் குறைவு.

நம்மிடம் இதற்கான பாதிக் கட்டிடம் ஏற்கெனவே நிற்கிறது. 1956ல் காமராஜ் காலத்தில் பரவலான மதிய உணவு, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு, அங்கன்வாடி — பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், எழுந்து கை கழுவுகிறார்கள். அதே குழாயடியில் இரண்டு நிமிஷம் பல் துலக்க வைக்க எந்த உலக வங்கியின் யோசனை தேவை? ஆனால் சத்துணவு ஊழியர்களின் தலையில் இதையும் சம்பளமில்லாமல் கட்டிவிடக்கூடாது. வேலை கூடினால் ஊதியமும் கூட வேண்டும். காலியிடங்களையும் நிரப்ப வேண்டும்.

மே 1ந் தேதி கிராம சபை கூடுகிறது. மாதர் சங்கமும் வாலிபர் சங்கமும் அதற்கு முன் தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். எத்தனை குழாய் இருக்கிறது, எத்தனையில் தண்ணீர் வருகிறது, பிள்ளைக்கொரு பிரஷ் பெயர் எழுதி மாட்டிவைக்க இடம் உண்டா என்று எண்ணிக்கொள்ளட்டும். மூன்று மாதத்துக்கொரு புது பிரஷ், அரசு செலவில் புளோரைடு பேஸ்ட், ஆறு மாதத்துக்கொரு முறை பல் டாக்டர் வருகை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் நாற்காலி என்று தீர்மானம் எழுதி, கையெழுத்தோடு மினிட் புத்தகத்தில் ஏறுகிறதா என்றும் நின்று பார்த்துவிட்டு வரட்டும்.